நாக்கை நீட்டியவன்

"குற்றம் சாட்டப்பட்டவன் விசாரணையின்போது அரசு அதிகாரியைப் பார்த்து நாக்கை நீட்டிக் கேலி செய்தான். ஒரு முறை அல்ல, மூன்று முறை."

ஏட்டு ந்தோத்தே எழுதிய அறிக்கையின் கடைசி வரி இது. ஆத்திரத்தில் அடியில் இரண்டு கோடு வேறு இழுத்திருந்தார். இந்த வழக்கைத் துப்புத் துலக்க வந்த யாங்கேரே அம்மா மற்ற பக்கங்களை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, இந்த ஒரு வரியிலேயே உட்கார்ந்துவிட்டார். வெற்றிலை பாக்கு மாதிரி அவர் மென்றுகொண்டிருந்த கோலாக் கொட்டை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்குப் போனது. அது அப்படி இடம் மாறினால் எங்கேயோ எவனுக்கோ போதாத காலம் என்று அர்த்தம். சங்கா ஆற்றில் படகு ஓட்டிக்கொண்டிருந்த நான் அவருக்கு உதவியாளாக வந்து ஆறு வருஷம் ஆகிறது, இதைத்தான் முதலில் கற்றுக்கொண்டேன்.

"அனிசே, நீ யாரையாவது பார்த்து நாக்கை நீட்டியிருக்கியா?"

"என் மாமியாரைப் பார்த்து நீட்டியிருக்கேம்மா. அவங்க முதுகைக் காட்டிக்கிட்டு நின்னப்ப."

"கையைக் கட்டிப் போட்டு, ஒவ்வொரு தடவைக்கும் ஒரு அறை விழுந்தா, மூணு தடவை நீட்டுவியா?"

"எனக்கென்ன பைத்தியமா?"

"அவனும் பைத்தியக்காரன் மாதிரி தெரியலையே," என்றார் அம்மா.

அவன் என்று அவர் சொன்னது மொசோம்போவை. காட்டையே வீடாகக் கொண்ட பயாக்கா இனத்து ஆள். காட்டில் தடம் பார்ப்பதில் அவனுக்கு நிகர் இந்தப் பக்கத்தில் கிடையாது. கொரில்லா பார்க்க வருகிறவர்கள் தங்கும் முகாமின் சமையல் கொட்டகைத் தூணோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். காலையில் நாலு பயணிகள் கொரில்லா பார்க்கப் போனார்கள். மூன்று பேர்தான் திரும்பினார்கள். யவுண்டேயிலிருந்து வந்த கால்நடை மருத்துவர் எசோம்பா அம்மாளைக் காணவில்லை. கடைசியாக அவரோடு போனவன் மொசோம்போ என்று குழுவின் வழிகாட்டி ஃபுல்பேர் சாட்சி சொல்லியிருந்தான். மொசோம்போ தனியாகத் திரும்பி வந்ததை எல்லாரும் பார்த்தார்கள். கேட்ட கேள்வி எதற்கும் அவன் வாயைத் திறக்கவில்லை. திறந்த மூன்று தடவையும் நாக்கைத்தான் நீட்டினான்.

மணி ஒன்றரை. நாலு மணிக்கு வண்டி வந்து அவனை ஊருக்கு ஏற்றிக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகு அந்தக் காட்டில் டாக்டரைத் தேட ஆளே கிடையாது. மத்தியானம் ஒரு மழை கொட்டிக் கால் தடத்தையெல்லாம் கழுவிவிட்டிருந்தது. மேற்கே அடுத்த மழை கறுத்துக்கொண்டு நின்றது. எனக்கு அந்த வானத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"முதல்ல அந்தக் கைடைக் கூப்பிடு."

ஃபுல்பேர் வந்தான். தலைநகரத்துக்காரன், இஸ்திரி போட்ட சட்டை, நெஞ்சில் அடையாள வில்லை, முகத்தில் முகக்கவசம். உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்தான்.

"பாதை மூணாப் பிரியுற இடத்துல ஒரு பெரிய மரம் விழுந்து கிடக்கும், மேடம். அங்க வந்ததும் டாக்டர் கேமரா மூடியைத் தொலைச்சுட்டேன்னாங்க. மத்தவங்களைச் சுமைக்காரனோட முன்னாடி அனுப்பிட்டேன். இவன் நான் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி அவங்களை வலது பக்கம், கொரில்லாப் பாதையிலயே திரும்பக் கூட்டிட்டுப் போனான். நான் அங்கேயே நின்னேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம் இருக்கும். முதல்ல கொஞ்ச நேரம் இவன் நாக்கைச் சொடுக்குற சத்தம் கேட்டுது. டொக், டொக்னு. போகப் போகக் கம்மியாகி அப்புறம் நின்னுபோச்சு." முகக்கவசத்தை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். "அதை நினைச்சா இப்பவும் குலை நடுங்குது மேடம்."

நாக்குச் சொடுக்கு என்றால் இங்கே எல்லாருக்கும் தெரியும். தடம் பார்ப்பவர்கள் கொரில்லாக் கூட்டத்தை நெருங்கும்போது நாக்கை மேல்வாயில் தட்டிச் சத்தம் கொடுத்துக்கொண்டே போவார்கள். நாங்கள்தான் வருகிறோம், பயப்படாதே என்று அதற்கு அர்த்தம். அந்தச் சத்தம் இல்லாமல் போனால் பெரிய ஆண் கொரில்லா புதரைப் பிய்த்துக்கொண்டு வரும்.

"சரி. மாஸ்க் எதுக்கு? கொரில்லா இங்கிருந்து ரெண்டு மணி நேர நடை தூரத்துல இல்ல இருக்கு?"

"பழக்கம் மேடம்," என்றான் ஃபுல்பேர்.

"நல்ல பழக்கம். அனிசே ஒருத்தன்தான் குளிக்குறதைக்கூட பழக்கம் பண்ணிக்க மாட்டேங்குறான்."

அவன் போனதும் நான் அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். "இதுல என்னம்மா யோசிக்க இருக்கு? காட்டு ஆளுங்களே இப்படித்தான். ஒண்ணு கேட்டா மரத்தைப் பார்ப்பான், இன்னொண்ணு கேட்டா மண்ணைப் பார்ப்பான். நாலு தட்டு தட்டினா கக்கிடுவான்." ஆற்றங்கரைக்காரன் நான். பயாக்கா ஆட்களைப் பற்றி எங்கள் ஊரில் பேசுகிற மாதிரியேதான் பேசினேன். அதை இங்கே மறைக்கப் போவதில்லை.

அம்மா கொட்டகைக்கு நடந்தார். தூணருகே குந்தி உட்கார்ந்து, இடுப்பிலிருந்து ஒரு கோலாக் கொட்டையை எடுத்து நீட்டினார். மொசோம்போ அதை ஆசையோடு பார்த்தான். பிறகு தலையை ஆட்டி மறுத்தான். கோலாவை வேண்டாம் என்று சொன்ன பயாக்காவை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பக்கத்தில் கோக்கோக் கீரையும் மரவள்ளிக் களியும் வைத்த தட்டு ஈ மொய்த்துக் கிடந்தது.

"என்கிட்டயும் நீட்டு," என்றார் அம்மா.

"அம்மா!" என்றேன்.

"ஏட்டய்யாவுக்கு நீட்டினியே, அதை எனக்கும் நீட்டுப்பா."

மொசோம்போ அவரை உற்றுப் பார்த்தான். கண் கலங்கியது. மெல்ல வாயைத் திறந்து நாக்கை நீட்டினான்.

ஐயோ! நாக்கு மூன்று மடங்கு வீங்கி, கத்திரிக்காய் நிறத்தில், வாய்க்குள் அடங்காமல் கிடந்தது. நடுவில் தேனீக் கொடுக்கு ஒன்று இன்னும் கறுப்பாகக் குத்திக்கொண்டு நின்றது.

"கேலி பண்ணலை," என்றார் அம்மா. "காட்டியிருக்கான். மூணு தடவை காட்டியிருக்கான், மூணு தடவையும் அறை வாங்கியிருக்கான்."

அப்போதுதான் முதுகில் கூடையோடு அவன் பெண்சாதி ந்தீமா காட்டிலிருந்து வந்தாள். கீரை பறிக்கப் போனவளுக்கு ஒன்றுமே தெரியாது. புருஷனைத் தூணில் பார்த்ததும் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவளுக்குச் சங்கோ மொழி நன்றாகவே வரும், ஏட்டுக்குப் புரியும்படியே திட்டினாள். அம்மா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"எப்பம்மா கொட்டுச்சு?"

"விடியக்காலையில அக்கா. நேத்து விருந்தாளிங்களுக்குத் தேன் எடுத்துக் குடுத்தாரில்ல, மிச்சம் இருந்த அடையை அப்படியே வாயில போட்டாரு. உள்ள ஒரு பூச்சி உசிரோட இருந்திருக்கு. ஆசை! பிடுங்கிப் போடலாம்னா தொட விட மாட்டேங்குறாரு."

"அப்ப காலையில கொரில்லாகிட்ட போறப்ப சொடுக்குனது யாரு?"

"நான்தான். அவருக்கு எச்சில் முழுங்கவே முடியலையே. முன்னாடி நான் சொடுக்கிக்கிட்டே போனேன், அவரு தடம் பார்த்தாரு. அந்த டாக்டரம்மாவும் என்கூடவே வந்து கத்துக்குறேன் கத்துக்குறேன்னு ஒரே அழும்பு." துக்கத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவங்களுக்கு வரலை அக்கா. கோழி தண்ணி குடிக்குற மாதிரி 'க்ளுக் க்ளுக்'னு வருது. கொரில்லாவே சிரிச்சிருக்கும்."

"கைடு எங்க நடந்தாரு?"

"எல்லாருக்கும் பின்னாடி. திரும்பி வர்றப்ப ஓடை தாண்டினதும் நான் கீரைக்குப் பிரிஞ்சு போயிட்டேன். அது விழுந்த மரத்துக்கு ரொம்ப முன்னாடி."

விழுந்த மரத்துக்கு அப்பால் சொடுக்கவே முடியாத நாக்கு எப்படிச் சொடுக்கியது?

"பொய் சொல்றவன் உப்புப் போடாமச் சொன்னா பிழைச்சுக்குவான்," என்றார் அம்மா எழுந்தபடி. "இவன் ருசிக்காக ஒரு கை கூடப் போட்டுட்டான். பின்னாடி நடந்தவனுக்குச் சொடுக்கு யாரோடதுன்னு தெரியலை."

"அப்ப அந்த ஃபுல்பேரைத் தூக்கிக் கட்டுவோம்மா! வாங்க!"

"கட்டினா? வாயை மூடிக்குவான். இவனாவது நாக்கு வீங்கி மூடிக்கிட்டான், அவன் பயத்துல மூடிக்குவான். அதுக்குள்ள டாக்டர் செத்துடுவாங்க. எனக்கு அவன் வாய் வேண்டாம் அனிசே."

பிறகு ந்தீமாவைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போய் என்னவோ பேசினார். அவள் கூடையைக்கூட எடுக்காமல் காட்டுக்குள் மறைந்தாள். என்னம்மா சொன்னீங்க என்று கேட்டேன். கீரை போதலையாம் என்றார். என்னிடம் அவர் உண்மை பேசுகிற நாளில் ஆறு மேல்நோக்கி ஓடும்.

ஏட்டு லேசில் சம்மதிக்கவில்லை. கடைசியில், மொசோம்போவின் கைக் கட்டு அவிழக்கூடாது, கயிற்றின் மறுமுனை என் கையில் இருக்க வேண்டும், நாலு மணிக்குள் திரும்ப வேண்டும் என்று மூன்று நிபந்தனை போட்டு விட்டார். ஃபுல்பேரிடம் அம்மா குழைந்து பேசினார். "தம்பி, இடத்தைக் காட்ட நீங்களும் வரணும். உங்களை விட்டா எங்களுக்கு யாரு?" அவன் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு கிளம்பினான். கிளம்பும்போது நெஞ்சுக்குள்ளேயே ஒரு இருமலை அடக்கினான். அவன் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தார்.

காட்டில் வெளிச்சம் இல்லை. பட்டப்பகல் இரண்டு மணிக்கு அந்தி மாதிரி இருந்தது. பறவைச் சத்தம் கிடையாது, குரங்குச் சத்தம் கிடையாது, இலையிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. இரண்டு இடத்தில் யானைச் சாணம் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. முன்னால் மொசோம்போ நடந்தான், கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நான். உண்மையில் அவன்தான் என்னைக் கூட்டிப் போனான். வேர் தடுக்கும் இடத்தில் எல்லாம் நின்று காலால் தட்டிக் காட்டினான். அவனை நாலு தட்டுத் தட்டச் சொன்ன எனக்கு வெட்கமாக இருந்தது.

விழுந்த மரத்தை அடைந்தோம். பாதை மூன்றாகப் பிரிந்தது. நேரே போவது சதுப்பு. வலது பக்கம் கொரில்லாப் பாதை. இடது பக்கம் பழைய உப்புவெளி; உப்பு மண் தின்ன யானைகள் வந்து கூடும் வெட்டவெளி அது. அங்கே மரத்தாலான பார்வை மேடை ஒன்று உண்டு. மேடைக் கால்கள் உளுத்துப் போனதால் ஆறு வருஷமாக யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

"இங்கதான் மேடம்," என்றான் ஃபுல்பேர். "இந்தா, வலது பக்கம் போனாங்க."

"எவ்வளவு தூரம் சத்தம் கேட்டுது தம்பி?"

"அதோ, அந்தக் கொடி தொங்குற..."

டொக்.

எல்லாரும் அப்படியே நின்றுவிட்டோம்.

டொக், டொக்.

தெளிவான நாக்குச் சொடுக்கு. வலது பக்கம், கொடிப் புதருக்கு அப்பால். மொசோம்போ வெடுக்கென்று வலப்பக்கம் திரும்பினான். நானும் திரும்பினேன். "டாக்டர்! டாக்டரம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடப் போனவனை அம்மாவின் கை பின்சட்டையைப் பிடித்து இழுத்தது.

"அனிசே, நீ எந்தப் பக்கம் பார்த்தே?"

"சத்தம் வந்த பக்கம்தாம்மா!"

"மொசோம்போ?"

மொசோம்போ வலப்பக்கம் முகத்தைக் காட்டினான்.

"தம்பி, நீங்க?"

அப்போதுதான் நான் ஃபுல்பேரைப் பார்த்தேன். அவன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். சத்தம் வலப்பக்கம் வர, அவன் கழுத்து இடப்பக்கம், உப்புவெளிப் பாதையை நோக்கித் திரும்பியிருந்தது. திருப்பிக்கொள்ள நினைத்தும் அவனால் முடியவில்லை.

"செத்தவங்க சத்தம் கேட்டா, புதைச்ச இடத்தைத்தான் பார்க்கத் தோணும். டாக்டரை விட்ட பக்கம் உங்க கழுத்துக்குத் தெரியும் தம்பி," என்றார் அம்மா. "ந்தீமா, போதும், வெளியே வா!"

கொடியை விலக்கிக்கொண்டு ந்தீமா வந்தாள். ஃபுல்பேர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் கொல்லலை மேடம்! சத்தியமாக் கொல்லலை! ஏணியை மட்டும்தான் எடுத்தேன்!"

"மாஸ்கைக் கழட்டிட்டுச் சொல்லு."

கழற்றினான். கழற்றியதும் அடக்கி வைத்திருந்த இருமல் எல்லாம் வந்தது. நிற்கவே இல்லை. ஜுரத்தில் உதடு வெடித்திருந்தது.

"சளியோட கொரில்லாகிட்ட போகக்கூடாது மேடம், தொத்திச்சுன்னா கூட்டமே செத்துடும். போன வருஷமே ஒரு தடவை மாட்டினேன். இன்னொரு தடவைன்னா வில்லையைப் பிடுங்கிடுவாங்க. இந்த டாக்டர் கண்டுபிடிச்சுட்டாங்க. கொரில்லாக் குட்டிக்குப் பக்கத்துல நீ ரெண்டு தடவை இருமினே, சாயங்காலம் எழுதிக் குடுத்துடுவேன்னாங்க. மூடியைத் தேடச் சொல்லி இவனை வலது பக்கம் அனுப்பிட்டு, மேடையிலேருந்து யானை காட்டுறேன்னு அவங்களைக் கூட்டிட்டுப் போனேன். கெஞ்சினேன், கேக்கலை. ஏறினதும் ஏணியை உருவிட்டேன். ஒரு மணி நேரம் பயந்தா வழிக்கு வருவாங்கன்னு... திரும்பப் போனேன் மேடம். யானை வந்துடுச்சு. மேடைக் காலை உரசிக்கிட்டு நின்னுது. நான் ஓடி வந்துட்டேன்."

"யானைக்குப் பயந்தே, சரி. இவன் மேலே எதுக்குப் பழியைப் போட்டே?"

ஃபுல்பேர் தலையைக் குனிந்துகொண்டான். "அவன்தான் வாயே திறக்கலையே," என்றான்.

எனக்கு அவனை அடிக்கக் கை ஓங்கியது. ஆனால் நானும் முகாமில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன், கை தானாக இறங்கிவிட்டது. மொசோம்போவின் கட்டை அவிழ்த்து, அதே கயிற்றால் ஃபுல்பேரைக் கட்டினேன்.

"ந்தீமா, முகாமுக்கு ஓடு. ஏணி வேணும், ஆள் வேணும், ஏட்டையும் இழுத்துட்டு வா," என்றார் அம்மா.

ஃபுல்பேரையும் இழுத்துக்கொண்டு நாங்கள் இடப்பக்கம் ஓடினோம். உப்புவெளி விளிம்பில் மொசோம்போ கையை நீட்டி எங்களை நிறுத்தினான். பதினோரு யானைகள். மூன்று குட்டிகள். சேற்றில் கால் புதைய, ஒன்றும் அசையாமல் நின்றன. அவற்றின் வயிற்றுக்குள்ளிருந்து வந்த உறுமல் என் கால் வழியாக ஏறியது. அவற்றுக்கு நடுவே மேடை. ஒரு கால் முறிந்து சாய்ந்து தொங்கியது. அதன்மேல் ஆள் யாரும் தெரியவில்லை. கீழே சேற்றில் ஒற்றைச் செருப்பு கிடந்தது.

"கூப்பிடட்டுமா?" என்றேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

"குட்டியோட நிக்குது. கத்தினா மேடையோட சேர்த்து மிதிச்சுடும்," என்றார் அம்மா. முதல் தடவையாக அவர் கோலாவைத் துப்பியதைப் பார்த்தேன்.

மொசோம்போ வாயைத் திறந்தான். இரண்டு விரலை உள்ளே விட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அந்தக் கொடுக்கைப் பிடுங்கி எறிந்தான். நாக்கை மேல்வாயில் அழுத்தினான். சத்தம் வரவில்லை. காற்றுதான் வந்தது. மறுபடி அழுத்தினான். கடைவாயில் ரத்தம் வழிந்தது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை, போதும்பா என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டு மறுபடி அழுத்தினான்.

டொக்.

ஒரு யானை காதை விரித்தது. பிறகு மடக்கிக்கொண்டது. பழகிய சத்தம்தான் அதற்கு.

டொக்.

மழை முதல் துளிகளைப் போட்டது. நான் எண்ணிக்கொண்டே நின்றேன். இருபது வரை எண்ணினேன். முப்பது. அம்மா என் தோளைப் பிடித்திருந்தார்.

மேடையின் பலகைக்கு மேலிருந்து, குப்புறப் படுத்த யாரோ, உலர்ந்த வாயால் பதில் சொன்னார்கள்.

க்ளுக். க்ளுக்.

கோழி தண்ணீர் குடிக்கிற அதே சத்தம். நான் அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது, வாய்விட்டு அழுதேன்.

மொசோம்போ பெரிய மரம் ஒன்றின் அடியில் பலகை மாதிரி விரிந்திருந்த வேரில் உள்ளங்கையால் நிதானமாகத் தட்ட ஆரம்பித்தான். தும், தும் என்று காடு அதிர்ந்தது. அரை மணி நேரம் தட்டிய பிறகுதான் தாய் யானைகள் குட்டிகளை நடுவே விட்டுக்கொண்டு, அவசரமில்லாமல் எதிர்ப்பக்க மரங்களுக்குள் போயின. கடைசி யானையின் வால் மறையும்போது ந்தீமா ஏணியோடும் ஆட்களோடும் வந்து சேர்ந்தாள். இரண்டு பேர் ஏறி டாக்டர் எசோம்பாவைத் தூக்கி இறக்கினார்கள். தூணைப் பிடித்த அவர் கையை ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது. மொசோம்போவைப் பார்த்ததும் மறுபடி ஒரு தடவை க்ளுக் என்றார்.

கூட்டத்துக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஏட்டு ந்தோத்தே நின்றார். தொப்பி எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. கட்டுண்ட ஃபுல்பேரைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், கடைசியில் வேறு வழியில்லாமல் மொசோம்போவைப் பார்த்தார்.

மொசோம்போ மெதுவாக அவர் முன்னால் வந்து நின்றான். வாயைத் திறந்து, அந்த வீங்கிய நாக்கை, ரத்தத்தோடு, முழுசாக நீட்டினான். கண்ணில் சிரிப்பு இருந்தது.

யாங்கேரே அம்மா அறிக்கையையும் பேனாவையும் ஏட்டின் கையில் வைத்தார்.

"நாலாவது தடவை. குறிச்சுக்குங்க ஏட்டய்யா," என்றார். "இது கேலிதான்."